கோவலனின் குறை: ஒரு கட்டுரை, இரண்டு மதிப்பெண்

கேள்வி இதுதான்: "கோவலனின் வீழ்ச்சிக்குக் காரணமான குணக்குறை எது? காப்பிய அடிகளைக் கொண்டு நிறுவுக." மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர்களுக்குக் காப்பியத் தாளில் சிலப்பதிகாரத்துக்கான ஒப்படைப்பாகக் கொடுத்தது. நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே எழுதலாம். 20 மதிப்பெண்ணுக்குத் திருத்தி, பிறகு அக மதிப்பீட்டுக்குச் சுருக்கிக்கொள்வோம். எங்கள் துறையில் ஒப்படைப்புகளை இருவர் தனித்தனியாகத் திருத்துவது வழக்கம். ஒன்றிரண்டு வித்தியாசம் வந்தால் சராசரி போட்டு முடித்துவிடுவோம். இந்த ஒரு கட்டுரைக்கு நான் 13 போட்டிருந்தேன், துறையின் மூத்த பேராசிரியர் 8 போட்டிருந்தார். 8 என்பது தேர்ச்சியின் விளிம்பு. இவ்வளவு தூரம் விலகினால் சராசரி போடுவது சோம்பேறித்தனம். ஆகவே உட்கார்ந்து பேசினோம்.

வழக்கமான விடை

வகுப்பில் பெரும்பாலோர் எழுதியது ஒன்றே: கோவலனின் குறை பெண்ணாசை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் "விடுதல் அறியா விருப்பினன் ஆயினன்" என்ற அரங்கேற்று காதை அடி. அப்புறம் வரைவின் மகளிர் அதிகாரத்திலிருந்து இரண்டு குறள். கடைசியில் இன்றைய இளைஞர்களுக்கு ஓர் அறிவுரை. பள்ளியில் குறிப்புச் சட்டகம் பார்த்து எழுதிப் பழகிய கை அப்படித்தான் போகும். தப்பு என்று சொல்லிவிட முடியாது. மேற்கோள் சரி, காதை சரி, கையெழுத்தும் பெரும்பாலும் அழகு.

குணக்குறையைப் பற்றிய கட்டுரை எதுவானாலும் நான் ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன். அந்தக் குறையை அந்த ஆளிடமிருந்து எடுத்துவிட்டால் கதை எந்த இடத்தில் நின்றுபோகும்? பெண்ணாசையை எடுத்துவிட்டால் கோவலன் மாதவி வீட்டுக்குப் போயிருக்க மாட்டான், சொத்து கரைந்திருக்காது, சிலம்பை விற்கும் நிலை வந்திருக்காது. அதுவரை சரி. ஆனால் மதுரைக்கு நடக்கிற கோவலனிடம் அந்த ஆசை இல்லையே. கடற்கரையில் பாட்டு முடிந்ததும் மாதவியை விட்டு எழுந்து போனவன் அவன். கானல்வரி 7-ஆவது பகுதி, கொலைக்களக் காதை 16-ஆவது. இடையில் ஊரைவிட்டுக் கிளம்பி, காவிரியின் வடகரையோடு நடந்து, காடு கடந்து, மதுரைப் புறஞ்சேரியில் தங்கி, ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாகி எவ்வளவோ நடக்கிறது. ஆசை தீர்ந்த பிறகு சாகிறவனின் சாவுக்கு ஆசையை மட்டும் காரணம் காட்டினால், கதையின் பிற்பாதி முழுவதும் விளக்கமில்லாமல் நிற்கும். அந்தக் கட்டுரைகளில் எதுவும் இதைக் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரம் பாடநூலுக்கு முன்னாலேயே தெரியும். பூம்புகார்க் கலைக்கூடம் 1973-இல் திறந்தது; அதன் சுவர்ச் சிற்பங்களைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் குறைவு. பாட்டியிடம் கேட்ட கதை, கூத்தில் பார்த்தது, படத்தில் பார்த்தது எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால் மாதவியின் மாலை பறந்து வந்து கோவலன் கழுத்தில் விழுந்தது என்று எழுதுகிறவர்கள் வருடா வருடம் உண்டு. நூலில் அந்த மாலைக்கு 1008 கழஞ்சுப் பொன் விலை. ஒரு கூனி தெருவில் நின்று விற்கிறாள், கோவலன் வாங்குகிறான். தானாக விழுந்த மாலைக்கும் விலை கொடுத்து வாங்கிய மாலைக்கும் ஒருவனுடைய குறையைப் பேசும்போது எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லவேண்டியதில்லை.

மாணவி எழுதியது

பூம்புகாரை ஒட்டிய மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து வருகிற பெண். வகுப்பில் அதிகம் பேசாதவர். மூன்று பக்கக் கட்டுரை. உட்தலைப்பு கிடையாது, முன்னுரை கிடையாது. முதல் வரியே இப்படி: "கோவலனைக் கெடுத்தது ஆசை இல்லை. அவன் எதையும் முழுசாகக் கேட்பதில்லை. பாதி கேட்டதும் முடிவெடுத்துவிடுகிறான்."

அதற்கு அவர் காட்டிய இடங்கள் நான்கு. கானல்வரியில் மாதவியின் பாட்டைக் கேட்டதும், "மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள் பாடினாள்" என்று தானே தீர்மானித்து எழுகிறான். என்ன நினைத்துப் பாடினாய் என்று கேட்கவில்லை. வேனிற்காதையில் மாதவியின் தோழி வசந்தமாலை கொண்டுவரும் மடலை மறுக்கிறான். கனாத்திறத்தில் கண்ணகி "சிலம்புள கொண்ம்" என்ற கணத்திலேயே மதுரைக்குப் போவதென்று முடிவுகட்டி, விடியுமுன் கிளம்புகிறான், பெற்றவர்களிடம் சொல்லவில்லை. மதுரையில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம், அரசிக்கு ஏற்ற சிலம்புக்கு விலைபோட உன்னால் முடியுமா என்று கேட்டு, அவன் சொன்ன இடத்தில் காத்திருக்கிறான். கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி: "பாண்டியனும் கோவலனைப் போலத்தான், பாதி கேட்டுக் கொலை சொன்னான்." அந்த வரியோடு கட்டுரை முடிகிறது. அதற்கு மேல் போகவில்லை.

8-க்கான காரணங்கள்

மூத்தவரின் சிவப்பு மை பல இடங்களில் இருந்தது. "முழுசாக" என்பதைச் சுற்றி வட்டம். மடலைக் "கிழித்து எறிந்தான்" என்று மாணவி எழுதியிருந்தார், பக்கத்தில் கேள்விக்குறி. அது நியாயம். நூலில் "மணித்தோட்டுத் திருமுகம் மறுத்ததற்கு இரங்கி" என்றுதான் வருகிறது. மறுத்தான், அவ்வளவுதான். கிழித்தது மாணவியின் கற்பனை. பெண்ணாசை என்ற விடையை ஒரே வரியில் தள்ளிவிட்டதையும் அவர் கோடிட்டிருந்தார். அதுவும் நியாயம். "குலந்தரு வான்பொருட் குன்றம் தொலைந்த இலம்பாடு நாணுத் தரும் எனக்கு" என்று கோவலனே வெட்கப்படுகிறான். அந்தச் செல்வம் எதில் தொலைந்தது என்பதற்கு ஒரு பத்தியாவது எழுதியிருக்க வேண்டாமா?

அவருடைய பெரிய ஆட்சேபங்கள் இரண்டு. முதலாவது ஊழ். "தம்பி, பதிகத்திலேயே ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்னு சொல்லியாச்சு. கானல்வரியிலயும் அதே. கட்டுரை காதையில முற்பிறப்புக் கதையே வருது, சிங்கபுரத்துல சங்கமனைக் கொன்ன பரதன்தான் கோவலன். இந்தப் பொண்ணு ஊழ்ங்கிற சொல்லையே எழுதல. அது எப்படிச் சிலப்பதிகாரக் கட்டுரை ஆகும்?"

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. "பாதி கேட்டு முடிவெடுக்கிறதுதான் குறைன்னா, மாதவியும் அதைத்தானே செஞ்சா? கோவலன் பாடினதைக் கேட்டு இவன் மனசு வேற எங்கேயோன்னு நினைச்சுத்தானே அவளும் பாடினா? ரெண்டு பேருக்கும் உள்ளது எப்படிக் கோவலனோட குறை ஆகும்?"

இதற்கு மாணவியின் கட்டுரையில் பதில் இல்லை. ஆனால் பதில் நூலில் இருக்கிறது. மாணவி காட்டிய இடத்திலேயே, அவர் பார்க்காத பக்கத்தில். தவறாகக் கேட்பதில் இருவரும் ஒன்றுதான். அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள். மாதவி அன்று மாலையே மடல் எழுதுகிறாள், அது திரும்பி வந்ததும் பின்னொருமுறை எழுதுகிறாள். கோவலன் முதல் மடலை வாங்கவே மாட்டேன் என்கிறான், "ஆடல் மகளே ஆதலின்" என்று ஒரு காரணமும் வைத்துக்கொண்டு. அவள் நாடகக்காரி, அதனால் இதுவும் நடிப்பு என்று தீர்ப்பு. தவறாகப் புரிந்துகொள்வது யாருக்கும் நேரும். திருத்திக்கொள்ள வாய்ப்பு வாசல்வரை வந்து நிற்கும்போது கதவைச் சாத்துகிறான் பாருங்கள், குறை அங்கே இருக்கிறது.

ஊழைப் பற்றி

இதில் எனக்கும் மூத்தவருக்கும் உடன்பாடு இன்றுவரை பாதிதான். ஊழை எழுதாதது பெரிய விடுபடல் என்பதில் ஒத்துப்போகிறேன். ஊழ் இருப்பதால் குணக்குறை பேசக்கூடாது என்பதில் ஒத்துப்போக முடியவில்லை.

காரணம் கொலைக்களக் காதையின் ஒரே வாக்கியம். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்ட பாண்டியனை இளங்கோ இப்படிச் சொல்கிறார்: "வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரான் ஆகி." வினை விளைகிற காலம் என்பதும் இருக்கிறது; ஆராயாதவன் ஆனான் என்பதும் இருக்கிறது. இரண்டும் ஒரே மூச்சில். பாண்டியன் பிற்பாடு "யானோ அரசன் யானே கள்வன்" என்று தன்னையே குற்றவாளியாக்கி உயிர்விடுகிறானே தவிர, ஊழின்மேல் பழிபோட்டுத் தப்பவில்லை. கானல்வரியிலும் அப்படித்தான்: ஊழ்வினை "யாழிசைமேல் வைத்து" வந்து உருத்தது என்கிறது நூல். பாட்டை ஒரு சாக்காக ஊழ் பிடித்துக்கொள்கிறது. பாட்டைக் கேட்டுக் கோபித்து எழுகிற ஆள் ஒருவன் அங்கே இருந்தால்தானே அந்தச் சாக்கு செல்லும்?

கோவலனே என்ன சொல்கிறான் என்று பார்த்தாலும் இதே கதைதான். புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்த மாதவியின் இரண்டாம் மடலைப் படித்ததும், அவளிடம் தீதில்லை என்று தெளிந்து, "என்தீது என்றே எய்தியது உணர்ந்து" நிற்கிறான். சிலம்பு விற்கக் கிளம்புகிறபோது கண்ணகியிடம் தன் பிழைகளை அடுக்குகிறான்: வீணரோடு திரிந்தது, "இருமுது குரவர் ஏவலும் பிழைத்தேன்", "சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்". கண்ணகியும் ஊழ் என்று ஆறுதல் சொல்வதில்லை. "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள், முகத்துக்கு நேரே. காப்பியத்தில் வருகிறவர்களே இவ்வளவு பேசும்போது மாணவி பேசக்கூடாதா?

இதைச் சொன்னதும் மூத்தவர் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் நீங்க சொல்றீங்க, அந்தப் பொண்ணு எழுதலையே" என்றார். அது மறுக்க முடியாத பேச்சு. எழுதாததற்கு மதிப்பெண் போட முடியாது. 13-க்கு மேல் நான் போகாததற்கும் அதுவே காரணம்.

13 எப்படி வந்தது

கருத்துக்கு முழுதாகக் கொடுத்தேன். அது புதிது என்பதற்காக அல்ல. புதிது என்பதால் மட்டும் மதிப்பெண் போட்டால் அடுத்த வருடம் எல்லோரும் புதிது புதிதாக உளறுவார்கள். நான்கு வெவ்வேறு இடங்களை ஒரே குணத்தால் இணைத்துக் காட்டியதற்காக, அதுவும் கடற்கரையில் தொடங்கியது பொற்கொல்லன்வரை தொடர்வதைக் காட்டியதற்காகக் கொடுத்தேன். பெண்ணாசைக் கட்டுரைகளால் முடியாத வேலை இது.

சான்றில் குறைத்தேன். மடல் கிழிந்த கற்பனைக்கு ஒன்று. பொற்கொல்லன் இடத்துக்கு இன்னொன்று. அங்கே கோவலன் பாதி கேட்டு முடிவெடுக்கவில்லை; முன்பின் தெரியாதவனை முழுதாக நம்புகிறான். சந்தேகப்படக் கூடாத மாதவியைச் சந்தேகித்தவன், நம்பக்கூடாதவனை நம்புகிறான். இரண்டையும் ஒரே குறைக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் குறையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லவேண்டும்: முதலில் தோன்றியதையே முடிவாக எடுத்துக்கொள்கிறவன் என்று. மாணவி அதைச் செய்யவில்லை.

அதிகம் குறைத்தது எதிர்ச்சான்றில். தன் கருத்துக்கு எதிராக நூலில் என்ன இருக்கிறது என்று அவர் தேடவே இல்லை. அடைக்கலக் காதையைத் தொடவில்லை. கோவலனின் குறையை எழுதுகிற யாரும் தாண்டிப்போகக் கூடாத காதை அது. மாடலன் என்ற மறையோன் அங்கே கோவலனின் பழைய நற்செயல்களைச் சொல்லி, இம்மையில் நான் அறிந்தவரை நல்வினைதானே செய்தாய், பிறகு ஏன் இப்படி என்று கேட்கிறான். குறையுள்ள ஆள் என்று மூன்று பக்கம் எழுதுகிறவர் அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டும்.

நடைக்கு நான் குறைக்கவில்லை. "முழுசாக" என்பது உறுத்தவில்லை. உட்தலைப்பு இல்லாததும்தான். ஆனால் கானல்வரிக்கு வந்த உரைச் சிக்கலை ஒரு வரி குறிப்பிட்டிருக்கலாம். அப்பகுதிக்குப் பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் விரிந்த உரை கிடைக்கவில்லை, அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் அரும்பதவுரைதான் உண்டு. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில் உ.வே.சா. 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோதே இருந்த குறை அது. கட்டுரையின் ஆதாரமே அந்தப் பகுதியில் நிற்கிறபோது, விரிந்த உரை இல்லாமல் மூலத்தை நேரே படித்துப் பொருள்கொண்ட துணிச்சல் மாணவியுடையது. அதை அவர் தெரிந்து செய்தாரா என்று கட்டுரையிலிருந்து தெரியவில்லை.

நேரில் பேசியது

மதிப்பெண்ணை முடிவு செய்யுமுன் மாணவியை அழைத்துக் கேட்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். வடகிழக்குப் பருவமழை விடுமுறையால் அது கொஞ்சம் தள்ளிப்போனது. வந்தவரிடம் எது சரி, எது தப்பு என்று சொல்லவில்லை. "அடைக்கலக் காதையை ஏம்மா விட்டுட்டே?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுல அவன் நல்லவனா வர்றான் ஐயா. என் கட்டுரைக்கு ஒத்துவரல."

மூத்தவர் குறுக்கே வந்தார். "ஒத்துவராததைத்தான் முதல்ல படிக்கணும். யானைக் கதை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மதம்பிடித்த யானை ஒரு முதிய அந்தணரைப் பிடித்துக்கொள்ள, கோவலன் பாய்ந்து அவரை விடுவித்து, யானையின் பிடரியில் ஏறி அடக்குகிறான். "கருணை மறவ" என்று மாடலன் அழைப்பது அதற்காக. மாணவி அந்த அடிகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"இங்கேயும் அவன் யோசிக்கல ஐயா. எங்க ஊர்ல கடல்ல ஆள் விழுந்தா யோசிக்காம குதிக்கிறவன்தான் காப்பாத்துவான். அதே ஆள் கரையில பங்கு பிரிக்கிற எடத்துலயும் யோசிக்காமப் பேசினா சண்டைதான் வரும். கோவலன் அந்த மாதிரி."

மூத்தவர் என்னைப் பார்த்தார். கட்டுரையில் இல்லாத வாதம் அது. கட்டுரையைவிட மேலான வாதமும்கூட. குறை என்று தனியாக ஒன்றை ஒட்டவைக்காமல், நல்லதும் கெட்டதும் ஒரே குணத்திலிருந்து வருவதைக் காட்டுகிறது. மாடலனின் கேள்விக்கு இதுதான் பதில் என்று சொல்லவரவில்லை, மாடலனுக்கு ஊழ்தான் பதில். ஆனால் கோவலன் என்ற ஆள் நம் கண்முன் முழுதாக நிற்க இது உதவுகிறது.

அதோடு விடவில்லை மூத்தவர். "கீரிப்பிள்ளையைக் கொன்ன பார்ப்பனி கதை?" என்றார். கணவன் கைவிட்டுப்போன அந்தப் பெண், ஏட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைகிறாள். கோவலன் அவளை அருகே அழைத்து, "யாது நீ உற்ற இடர்" என்று கேட்கிறான். கேட்டு, தானம் செய்து, போனவனையும் திருப்பி அழைத்துச் சேர்த்துவைக்கிறான். அதாவது கோவலனுக்குக் கேட்கத் தெரியும். தெருவில் போகிற பெண்ணிடம் கேட்டவன் மாதவியிடம் ஏன் கேட்கவில்லை? மாணவிக்கு அப்போது பதில் வரவில்லை. வராததை நாங்களும் குறையாகக் கருதவில்லை.

இரண்டாம் வடிவம்

திருத்தி எழுதித் தர அவகாசம் கொடுத்தோம். இதே சலுகை வகுப்பில் எல்லோருக்கும் என்று அறிவித்தோம், பயன்படுத்திக்கொண்டவர்கள் சிலர்தான்.

புதிய கட்டுரையில் மடல் கிழியவில்லை. பெண்ணாசைக்கு ஒரு பத்தி வந்திருந்தது, அது கோவலனை ஏழையாக்கியது, கொல்லவில்லை என்ற தெளிவோடு. யானை நடுவில் வந்துவிட்டது. பொற்கொல்லன் இடம் மாற்றி எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, மாணவி தானாகக் கண்டுபிடித்த சான்று. மாதவியின் இரண்டாம் மடலில், பெரியவர்களுக்குச் செய்யவேண்டிய பணியை விட்டு, குலமகளோடு இரவில் கிளம்பியதற்கு "என் பிழைப்பு அறியாது" நெஞ்சம் தவிக்கிறது என்று அவள் எழுதுகிறாள். நான் செய்த பிழை என்ன என்று எனக்கே தெரியாது என்பது அதன் பொருள். குற்றம் இன்னதென்று சொல்லாமலே தண்டித்துவிட்டுப் போயிருக்கிறான் கோவலன். அதே போலத்தான் பாண்டியனும் செய்தான் என்று மாணவி இந்த முறை ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார். என் பார்வையில் கட்டுரையின் உச்சம் அதுதான்.

ஊழைப் பற்றி நான்கு வரி. போதாது. பதிகத்தை மேற்கோள் காட்டிவிட்டு, "ஆனாலும் கோவலன் பொறுப்புதான்" என்று முடித்துவிட்டார். ஏன் ஆனாலும் என்பதற்குக் காரணம் இல்லை. "தேரான் ஆகி" என்ற அடி பாண்டியன் பத்தியிலேயே இருந்தும் அதில் வினைவிளை காலமும் சேர்ந்து நிற்பதை அவர் எடுத்துப் பேசவில்லை. கீரிப்பிள்ளைக் கதையைச் சுத்தமாக விட்டுவிட்டார்.

நான் 17 போட்டேன். மூத்தவர் 14. இந்த முறை வித்தியாசம் ஊழைப் பற்றியது மட்டும் என்பதால் சராசரிக்கு இருவரும் சம்மதித்து, 15.5-ஐ 16 ஆக்கிப் பதிவு செய்தோம். மாணவியின் தாளில் கீரிப்பிள்ளைக் கதைக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவேண்டாம், அவரே யோசிக்கட்டும் என்றார் மூத்தவர்.

அடுத்த ஆண்டுக்கான கேள்வியையும் மாற்றினோம். "கோவலனின் குணக்குறையாக நீங்கள் கருதுவதைக் காப்பிய அடிகளால் நிறுவுக, அதற்கு எதிராக நூலில் உள்ள ஓர் இடத்தையேனும் எடுத்து விளக்குக." இதில் ஊழையும் சேர்க்கவேண்டும் என்று மூத்தவர் கேட்டார். சேர்த்தால் எல்லோரும் ஊழை எழுதிவிட்டுக் கோவலனை விட்டுவிடுவார்கள் என்றேன். அந்தப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.